பருப்பு வேகவே இல்லை, அவசரம், யாராவது சொல்லுங்கள்

புதுக்குடித்தனம்:
குக்கரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. எத்தனை விசில் விட்டாலும் அப்படியே முழித்துக்கொண்டு நிற்கிறது. மத்தால் கடைந்தால் தண்ணீர் தனி, பருப்பு தனி. சனிக்கிழமை மாமியார் வருகிறார். புது குக்கர் வாங்கினால் சரியாகிவிடுமா? எது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள், இன்றைக்கே வாங்கிவிடுகிறேன்.

விசில்மன்னன்:
பருப்பு என்றால் எந்தப் பருப்பு? துவரையா, கடலையா? எத்தனை லிட்டர் குக்கர்? கேஸா, இண்டக்ஷனா? பாத்திரத்தில் வைக்கிறீர்களா, நேரடியாகப் போடுகிறீர்களா?
எதுவும் சொல்லாவிட்டாலும் என் கணிப்பு காஸ்கெட்தான். விசில் வருவதற்குள் மூடி ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ரப்பர் தளர்ந்துவிட்டது. குக்கரை மாற்ற வேண்டாம், ரப்பரை மாற்றுங்கள்.

மளிகைத்தம்பி:
அக்கா, குக்கர் மேல் பழி போடாதீர்கள். பருப்பு பழசாக இருக்கும். புழுக்கமான கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த துவரையை என்ன செய்தாலும் குழையாது. நாங்கள் தினமும் விற்கிறோம், எங்களுக்குத் தெரியும். செம்மண் கட்டிய நாட்டுத் துவரை என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ரேவதி_சமையல்:
ஒரு சொட்டு விளக்கெண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், இரண்டு பல் பூண்டு. எங்கள் அம்மா காலத்திலிருந்து இதுதான். வெண்ணெய் போல வெந்துவிடும்.

சமையல்புலி:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. முதலில் உப்பை எப்போது போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். முன்னாலேயே உப்பு போட்டால் பருப்பு வேகாது. இதுகூடத் தெரியாமல் குடித்தனம் நடத்த வந்துவிடுகிறார்கள்.

புதுக்குடித்தனம்:
துவரம்பருப்புதான். 3 லிட்டர் குக்கர், கேஸ், நேரடியாகத்தான் போடுகிறேன். காஸ்கெட் புதியது. உப்பு கடைசியில்தான். விளக்கெண்ணெயும் விட்டுப் பார்த்தாயிற்று. பருப்பு ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்டது, கோவையில் இதே குக்கரில் இதே பருப்பு மூன்று விசிலில் மாவாகக் குழைந்தது.

பழைய_வாத்தியார்:
கோவையில் என்றால்? இப்போது எங்கே இருக்கிறீர்கள் அம்மா?

புதுக்குடித்தனம்:
மேடவாக்கம், சென்னை. போன மாதம் வந்தோம். அதற்கும் பருப்புக்கும் என்ன சார்?

பழைய_வாத்தியார்:
எல்லாம் அதுதான். சமையலுக்கு எந்தத் தண்ணீர்?

விசில்மன்னன்:
காஸ்கெட் புதியது என்றால் வெயிட் வால்வில் அடைப்பு இருக்கலாம். ஊசி விட்டுக் குத்திப் பாருங்கள்.

புதுக்குடித்தனம்:
குடிக்க கேன். சமைக்கக் குழாய்த் தண்ணீர். கோவையில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருக்கும். இங்கே எல்லாக் குழாயிலும் ஒரே தண்ணீர். போர்வெல் தண்ணீர் என்று வாட்ச்மேன் சொன்னார். ஆனால் தண்ணீர் காரணமாக இருக்காது, ஏனென்றால் சில நாள் நன்றாகவே வேகிறது.

ஓஎம்ஆர்_வாசி:
அந்தச் "சில நாள்" எது என்று யோசியுங்கள். உங்கள் அபார்ட்மெண்டில் போர் வற்றும்போது லாரி வந்து சம்ப்பில் கொட்டுமே, அதற்கு அடுத்த நாளா? எங்கள் பக்கம் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. லாரி வந்தால் சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும். நாலு நாள் கழித்து போர்த் தண்ணீர் கலந்து மறுபடி பழைய நிலைமை. லாரியிலும் ஏதோ ஒரு கிணற்றுத் தண்ணீர்தான் வரும், அந்தக் கிணறு சுமாராக இருந்தால் அன்றைக்கு நமக்கு யோகம்.

புதுக்குடித்தனம்:
ஐயோ. ஆமாம். வெள்ளிக்கிழமை லாரி வந்தது. அன்றைக்குத்தான் சாம்பார் நன்றாக இருந்தது. சோறுகூட மற்ற நாளில் லேசாக மஞ்சளடிக்கிறது, அரிசியில் குறை என்று நினைத்தேன்.

பழைய_வாத்தியார்:
சோறு மஞ்சளடிக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் காஸ்கெட்டை விட்டுவைத்திருப்பார்கள். உங்கள் போர்த் தண்ணீர் கடின நீர், அதிலும் காரத்தன்மை உள்ளது. அரிசியில் இருக்கும் நிறமற்ற பொருள்கள் காரத் தண்ணீரில் மஞ்சளாகும். கொதிக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சோறு வெளுக்கும்.

பருப்பு விஷயத்துக்கு வருகிறேன். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். வேகும்போது அது கரைந்து வெளியேறினால்தான் பருப்பு குழையும். கடின நீர் என்றால் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய கரைந்த தண்ணீர், அவை பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறுகிறது. அதற்கும் மசியாத பருப்பை இன்னும் நாலு விசிலா மசிய வைக்கும்?

சோதனை ஒன்று செய்யுங்கள். ஒரே குக்கரில் சின்னக் கிண்ணம் இரண்டு வையுங்கள். இரண்டிலும் ஒரே டப்பாவிலிருந்து ஒரே அளவு பருப்பு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். குக்கர், காஸ்கெட், விசில், பருப்பு எல்லாம் பொது. வித்தியாசம் வந்தால் தண்ணீர். வராவிட்டால் தம்பி சொன்னபடி பருப்பு.

மளிகைத்தம்பி:
சார் சொல்வது சரி. ஆனால் பழைய பருப்பும் வேகாது, அதையும் எழுதி வையுங்கள்.

பழைய_வாத்தியார்:
வேகாது, ஒப்புக்கொள்கிறேன். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் வெகு நாள் கிடந்தால் பருப்பு உள்ளுக்குள் இறுகிவிடும். பழைய பருப்பும் கடின நீரும் சேர்ந்தால் அவ்வளவுதான்.

சமையல்புலி:
இவ்வளவு நீட்டத் தேவையே இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக் குழாயடியில் பிடியுங்கள். 500க்கு மேல் காட்டினால் பருப்பு வேகாது, கீழே இருந்தால் வேகும். அடிப்படை விஷயம்.

பழைய_வாத்தியார்:
இல்லை ஐயா. 500 என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐஎஸ் 10500 சொல்வது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரைக்கும் அனுமதி உண்டு. பருப்பைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல அது. கடினத்தன்மைக்கு அதே தரத்தில் தனி அளவு இருக்கிறது: கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600. மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து ஓர் எண்ணைக் காட்டும். உள்ளே கரைந்திருப்பது சாப்பாட்டு உப்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் கருவி வைத்த வீட்டில் கால்சியம் போய் அந்த இடத்துக்குச் சோடியம் வரும். மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும், பருப்பு மட்டும் வெந்துவிடும்.

அப்புறம் முன்னாலேயே உப்பு போட்டால் வேகாது என்றீர்களே, அதுவும் முழுக்கச் சரியில்லை. கல்லாக இறுக்குவது கால்சியம். சோடியம் அதற்கு எதிர்வேலை செய்யும். முன்னால் போடக் கூடாதது புளியும் தக்காளியும். புளிப்பில் பெக்டின் சீக்கிரம் கரையாது.

சமையல்புலி:
நான் முப்பது வருடமாகச் சமைக்கிறேன். நீங்கள் புத்தகம் படிக்கிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ரேவதி_சமையல்:
அப்படியென்றால் விளக்கெண்ணெய் விடுவது வீணா சார்? மனது கஷ்டமாக இருக்கிறது.

பழைய_வாத்தியார்:
வீண் இல்லை அம்மா. எண்ணெய் நுரையை அடக்கும், பருப்புத் தண்ணீர் பொங்கி விசிலை அடைக்காது. வேக வைக்கும் வேலை மட்டும் அதனுடையது இல்லை.

ஹாஸ்டல்_குக்:
எங்கள் மெஸ்ஸில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா. அரைமணி வேலை கால்மணியில் முடியும். யாரும் இதைச் சொல்லவில்லையே.

பழைய_வாத்தியார்:
வேலை செய்யும். சோடாவின் காரத்தன்மை பெக்டினைக் கரைக்கும், கால்சியத்தையும் கொஞ்சம் படிய வைக்கும். ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமின் காரத்தில் அழியும். கை தாராளமானால் சோப்பு வாடை வரும், மஞ்சள்தூள் போட்டிருந்தால் பருப்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பும். உங்கள் மெஸ் சாம்பார் என்ன நிறம் தம்பி?

ஹாஸ்டல்_குக்:
பதில் சொல்ல விரும்பவில்லை.

கோயம்புத்தூர்_குசும்பு:
சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்த பெண்ணைப் போர்த் தண்ணீர் ஊருக்குக் கட்டிக் கொடுத்தால் இப்படித்தான். எங்கள் தண்ணீரில் பருப்பைக் காட்டினாலே வெந்துவிடும்.

தாமிரபரணிக்காரன்:
ஆரம்பித்துவிட்டார்கள். சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கேரளத்தில். ஊரார் வீட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன பெருமை? எங்கள் ஆறு பொதிகையில் பிறந்து எங்கள் மாவட்டங்களிலேயே ஓடிக் கடலில் சேர்கிறது. அந்தத் தண்ணீரில்தான் அல்வா. மற்ற ஊரில் அதே சம்பா கோதுமை, அதே நெய், கிண்டிப் பாருங்கள், வராது.

கோயம்புத்தூர்_குசும்பு:
அல்வாவில் தண்ணீரே நிற்காதே! கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறீர்கள், தெளிந்த தண்ணீரைக் கொட்டுகிறீர்கள், மிச்சத்தை மணிக்கணக்கில் கிண்டி ஆவியாக்குகிறீர்கள். பெருமை கிண்டுகிறவன் தோளுக்கு.

தாமிரபரணிக்காரன்:
ஊறுவது எதில்? பால் எடுப்பது எதில்? தண்ணீர் போனாலும் அதில் இருக்கிற உப்பு சட்டியில்தானே நிற்கும்? வாத்தியாரே, நீங்களே சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
இரண்டு பேரும் கொஞ்சம் அடங்குங்கள். கும்பகோணம் டிகிரி காபியைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

விசில்மன்னன்:
டிகிரி காபி பாலின் புண்ணியம் ஐயா, தண்ணீரின் புண்ணியம் இல்லை.

ஓஎம்ஆர்_வாசி:
மேடவாக்கத்தில் ஒரு பெண் பருப்பு வேகாமல் நிற்கிறாள். ஞாபகம் இருக்கிறதா?

பழைய_வாத்தியார்:
அல்வா வழக்கில் நான் சாட்சி சொல்ல வரவில்லை. சட்டியில் உப்பு நிற்கும் என்பது மட்டும் உண்மை.

புதுக்குடித்தனம், கேன் தண்ணீர் தீர்ந்த நாளுக்கும் வழி சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். அடியில் வெள்ளைப் பொடி படிந்தால் நல்ல சகுனம், கடினத்தன்மையில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. கலக்காமல் மேலாக இறுத்துப் பயன்படுத்துங்கள். ஒன்றுமே படியாமல் பருப்பும் வேகாவிட்டால் அது சல்பேட், குளோரைடு வகை. அதற்குக் கொதிக்கவைப்பதால் பயன் இல்லை, ஆர்ஓ அல்லது சாஃப்ட்னர்தான். படிகாரம் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். அது கலங்கலைத் தெளிய வைக்கும், கரைந்த கால்சியத்தை ஒன்றும் செய்யாது.

ஓஎம்ஆர்_வாசி:
ஆர்ஓ வாங்கினால் கழிவுத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். வாளி வைத்துப் பிடித்துத் தரை துடைக்கலாம். அரிசி, பருப்பு கழுவுவது குழாயில், வேக வைப்பதும் டீயும் மட்டும் ஆர்ஓவில் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். பொரியலுக்குக் குழாய்த் தண்ணீரே போதும், காய் கொஞ்சம் விறைப்பாக நிற்கும்.

புதுக்குடித்தனம்:
கிண்ணம் வைத்துப் பார்த்தேன். கேன் தண்ணீர்ப் பருப்பு கரண்டியால் தொட்டதும் கரைந்தது. குழாய்த் தண்ணீர்ப் பருப்பை விரலால் நசுக்கினால் நடுவில் நறுக்கென்று நிற்கிறது. எல்லாருக்கும் நன்றி. குக்கர் வாங்கவில்லை. மாமியார் வந்துவிட்டார், அப்புறம் வருகிறேன். குக்கர் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை எப்படி எடுப்பது?

ரேவதி_சமையல்:
கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைப் போட்டுக் கொஞ்ச நேரம் கொதிக்க விடு, தேய்த்தால் வந்துவிடும். அலுமினியக் குக்கர் என்றால் புளித் தண்ணீரை ராத்திரி முழுக்க ஊற வைக்காதே, பாத்திரத்தை அரிக்கும்.

சமையல்புலி:
நான் முதலிலேயே தண்ணீரைச் சந்தேகப்பட்டேன்.

விசில்மன்னன்:
மேலே போய்ப் படித்துவிட்டு வந்தேன் புலியாரே, உப்பைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்.

பாண்டி_மெயில்:
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் போர்த் தண்ணீர்தான். கொண்டைக்கடலை ராத்திரி ஊறினாலும் தோல் கடினமாகவே இருக்கிறது. அதற்கும் இதே வைத்தியமா?

பழைய_வாத்தியார்:
ஊறவைப்பதும் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும், அதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டு ஊறவையுங்கள், சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டு வேக வையுங்கள். கடலை எப்போது வாங்கியது?

பாண்டி_மெயில்:
தெரியவில்லை சார். டப்பாவில் இருந்தது.

மளிகைத்தம்பி:
ஆ.