எஸ்டீம் ரேஸ் கார்: வளைவு முடிஞ்சதும் முதல் மிதிக்கு பிரேக் இறங்குது, வண்டி இடது பக்கம் இழுக்குது. உதவி தேவை

கோவை எஸ்டீம்:
வணக்கம்ங்க. 2003 மாடல் மாருதி எஸ்டீம். சீட், கார்பெட் எல்லாம் எடுத்து, ரோல் கேஜ் போட்டு, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில பிராக்டிஸ் நாட்கள்ல ஓட்டுறேன். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ரெண்டுமே கம்பெனி செட்டப்தான். ஸ்பிரிங் மட்டும் குட்டையானது போட்டதால முன்பக்கம் சுமார் 40 மில்லிமீட்டர் இறங்கியிருக்கு.

வேகமான வளைவு முடிஞ்சு அடுத்த பிரேக்கிங்குக்கு மிதிச்சா முதல் மிதி பாதிக்கு மேல உள்ள போயிடுது. உடனே ரெண்டாவது தடவை மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது. இதுபோக, அழுத்தி பிரேக் பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்குது. நேரா போகும்போதும் ஸ்டீரிங்ல நடுவுல கொஞ்சம் ஆட்டம் தெரியுது.

பட்டறையில டிஸ்க் பேட் புதுசு போட்டு, பிரேக் ஆயில்ல இருக்கிற ஏர் எடுத்துக் கொடுத்தாங்க. மாற்றமே இல்லை. அடுத்து மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிச்சா ஆயிலை அழுத்தித் தள்ளுற பாகம்) மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

டிரம் டு டிஸ்க்:
பிரேக் ஆயில் கொதிக்குது போல நண்பா. டாட் 3 தர ஆயில் ஊத்தியிருந்தா புதுசுலேயே 205 டிகிரிதான் தாங்கும். ஈரம் இழுத்துட்டா 140. டாட் 4 புதுசு 230, ஈரம் ஏறினா 155. டாட் 5.1 புதுசா ஊத்துனா 260 வரைக்கும் கவலை இல்லை. டாட் 5 மட்டும் வாங்கிடாதீங்க, அது சிலிக்கான், மத்ததோட சேராது.

பீளமேடு லேத்:
தம்பி, மாஸ்டர் சிலிண்டருக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க.

பெடல் இறங்குறது வண்டி சூடான பிறகு மட்டுமா, இல்ல முதல் லேப்லயே இருக்குதா? நேர் ரோட்டுல வந்து பிடிச்சாலும் இறங்குதா, வளைவு முடிஞ்ச பிறகு மட்டுமா? எந்தப் பக்கம் வளைவு?

அப்புறம் வண்டியை நிறுத்தி வச்சு, ஹேண்ட் பிரேக்கை ரெண்டு மூணு பல் இழுத்துட்டு பெடலை மிதிச்சுப் பாருங்க. பெடல் நல்லா மேல வந்துட்டா, பின் டிரம்ல ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் பண்ணினா தீந்துடும்.

கேலிப்பர்ல (பேடை டிஸ்க் மேல அழுத்திப் பிடிக்கிற பாகம்) ஏர் எடுக்கிற நிப்பிள் மேல பாத்து இருக்குதான்னும் பாருங்க. கழட்டி மாட்டும்போது இடது வலது மாறிட்டா நிப்பிள் கீழ போயிடும். அப்புறம் எத்தனை பாட்டில் ஆயில் ஊத்தி எடுத்தாலும் மேல நிக்கிற ஏர் வெளிய வராது.

கோவை எஸ்டீம்:
ரொம்ப நன்றிங்கண்ணா. ஹேண்ட் பிரேக் இழுத்துப் பாத்தேன், வித்தியாசம் இல்லை. நிப்பிள் ரெண்டும் மேலதான் இருக்கு. பெடல் முதல் லேப்லயே இறங்குது. நேர் ரோட்டுல வந்து பிடிச்சா சரியா இருக்கு. வலது வளைவு முடிஞ்ச பிறகுதான் அதிகமா இறங்குது. ஆயில் டாட் 4, போன மாசம் சீல் உடைச்ச பாட்டில்.

இருங்காட்டுக்கோட்டை 3.7:
அப்போ ஆயில் கொதிக்கலை, மாஸ்டர் சிலிண்டரும் இல்லை. ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி ஆகி, ஓட ஓட மோசமாகும், ஆற வச்சாத்தான் திரும்பும். மாஸ்டர் சிலிண்டர் உள்ள வாஷர் போயிருந்தா, மிதிச்சுப் பிடிச்சுட்டே நின்னா பெடல் மெல்லக் கீழ இறங்கும். வளைவு எந்தப் பக்கம்னு பாத்து அது இறங்காது.

இது பேட் தள்ளப்படுற கேஸ். வலது வளைவுல எடை அதிகமா இடது முன் சக்கரத்துல ஏறுது. அந்தச் சக்கரமும் டிஸ்க்கும் மாட்டியிருக்கிற ஹப்போட பேரிங்ல ஆட்டம் இருந்தா ஹப் சாயும், கூடவே டிஸ்க்கும் சாயும். சாயுற டிஸ்க் பேடையும் பிஸ்டனையும் கேலிப்பருக்குள்ள தள்ளிவிட்டுடும். அடுத்த தடவை மிதிக்கும்போது முதல் மிதியில வர்ற ஆயில் பூரா பிஸ்டனைத் திரும்ப டிஸ்க் கிட்ட கொண்டு வர்றதுலயே செலவாகிடும். ரெண்டாவது மிதிக்குத்தான் பிரஷர் ஏறும். நீங்க சொன்னது அப்படியே இதுதான்.

உறுதி பண்ண டிராக் வேண்டாம். காலையில வண்டி சில்லுன்னு இருக்கும்போது, காலியான பெரிய இடத்துல மெதுவா, பிரேக்கைத் தொடாம, இடதும் வலதும் மாத்தி மாத்தி அழுத்தமா திருப்பி ஓட்டுங்க. நேராக்கி ஒரு தடவை மிதிங்க. பிரேக் ஆறிக் கிடக்கும்போதே பெடல் இறங்கினா சூடுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆகிடுச்சு.

அடுத்து ஜாக்கி ஏத்தி, கண்டிப்பா ஸ்டாண்டு வச்சு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா, உள்ள ஒருத்தரை உட்கார வச்சு பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லி, அதே மாதிரி திரும்ப ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஹப்பும், அதைத் தாங்குற நக்கிளும் ஒண்ணா இறுகிடும். அப்போ ஆட்டம் நின்னுட்டா பேரிங். பிரேக் பிடிச்சும் ஆடுச்சுன்னா சஸ்பென்ஷன்ல பால் ஜாயிண்ட், இல்ல லோயர் ஆர்ம் புஷ்.

அப்புறம் சக்கரத்தை இடமும் வலமும் பிடிச்சு ஆட்டுங்க. அதுல மட்டும் ஆடினா டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்புற கம்பியோட முனை), இல்ல ஸ்டீரிங் ரேக். ஒரு கையை டை ராட் எண்ட் பூட் மேல வச்சுக்கிட்டே ஆட்டச் சொன்னா, டக் டக்னு எங்க அடிக்குதுன்னு விரல்லயே தெரியும்.

அதுவரைக்கும் ஓட்டியே ஆகணும்னா, பிரேக்கிங் பாயிண்ட்டுக்கு முன்னாடி நேர்ல வரும்போது இடது காலால பெடலை லேசா ஒரு தட்டு தட்டிக்கோங்க. பிஸ்டன் முன்னாடியே டிஸ்க் கிட்ட வந்து நிக்கும். ஆனா அது வைத்தியம் இல்லை. பேரிங் ஆடுற சக்கரத்தோட வேகமா ஓட்டாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

குட்டை ஸ்பிரிங்:
இடது இழுக்கிறது பம்ப் ஸ்டியரா இருக்கும், அதாவது சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரம் தானா திரும்புறது. முன்னாடி 40 மில்லிமீட்டர் இறக்கினா டை ராட் கோணம் மாறிடும், மூக்கு இறங்க இறங்க டோ (சக்கரம் உள்ளயோ வெளியவோ பாக்குற கோணம்) மாறும். எங்க ஊர்ல ஸ்டீரிங் ஆர்மை கேஸ்ல சூடு காட்டி வளைச்சு சரி பண்ணிக் கொடுப்பாங்க. ஈஸியா முடிஞ்சுடும்.

பீளமேடு லேத்:
தயவு செஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. ஸ்டீரிங் ஆர்ம் ஃபோர்ஜிங் பண்ணி, ஹீட் ட்ரீட்மெண்ட் கொடுத்து வர்ற பாகம். கேஸ்ல சிவக்க விட்டீங்கன்னா அந்த பலம் போயிடும். உடையும்போது சொல்லிட்டு உடையாது, பிரேக்கிங்ல முழு எடை ஏறும்போதுதான் உடையும். வெல்டிங்கும் கூடாது. லேத்ல இத்தனை வருஷம் நிக்கிறவன் சொல்றேன், ஸ்டீரிங் பாகத்தைச் சூடு பண்ணிக் கேட்டு வர்றவங்களை நான் திருப்பி அனுப்பிடுவேன்.

பம்ப் ஸ்டியரா இருந்தா பிரேக் பிடிக்காம மேடு பள்ளத்துல போனாலும் மூக்கு அலையும். பிரேக் பிடிச்சா மட்டும், எப்பவும் ஒரே பக்கம் இழுக்குதுன்னா முதல்ல எதிர்ப்பக்க கேலிப்பரைப் பாருங்க. இடது இழுக்குதுன்னா வலது சக்கரம் சரியா பிடிக்கலைன்னு அர்த்தம். வலது கேலிப்பர் ஸ்லைடு பின் ரெண்டையும் கழட்டுங்க. கையாலேயே வழுக்கிட்டு வரணும். பழைய பேட் கிடைச்சா உள் பேட், வெளி பேட் தடிமனை அளந்து பாருங்க. பிரேக் ஹோஸையும் விடாதீங்க. வயசான ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா தெரியும், உள்ள வீங்கி வழியை அடைச்சிருக்கும்.

ஃபார்முலா மாணவன்:
ஸ்டீரிங் ஆட்டத்துக்கு ஒரு அளவு சொல்றேன்ங்க. மாணவர்கள் ரேஸ் கார் கட்டிப் போட்டியிடுற எஃப்.எஸ்.ஏ.இ. (ஃபார்முலா எஸ்.ஏ.இ.) விதியில ஸ்டீரிங் வீல்ல மொத்த ஃப்ரீ பிளே 7 டிகிரிக்குள்ள இருக்கணும். 370 மில்லிமீட்டர் விட்ட ஸ்டீரிங்னா விளிம்புல ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். முன் சக்கரம் தரையில நேரா இருக்கும்போது விளிம்புல மாஸ்கிங் டேப் ஒட்டி, சக்கரம் அசையத் தொடங்குற இடத்தை ரெண்டு பக்கமும் குறிச்சு அளங்க. 'கொஞ்சம் ஆட்டம்'னு சொல்றதை விட ஒரு எண் கையில இருந்தா, பாகம் மாத்தின பிறகு குறைஞ்சுதா இல்லையான்னு தெரியும்.

கோவை எஸ்டீம்:
எல்லாருக்கும் நன்றிங்க. பாத்ததைச் சொல்றேன்.

காலையில ஆறின வண்டியில இடம் வலம் திருப்பி ஓட்டிட்டு மிதிச்சேன், பெடல் அப்படியே இறங்குச்சு. ஜாக்கி ஏத்திப் பாத்தா இடது முன் சக்கரம் மேல கீழ ஆடுது. தம்பி பிரேக்கை மிதிச்சதும் ஆட்டம் சுத்தமா நின்னுடுச்சு. பேரிங்தான். வலது பக்கம் கெட்டியா இருக்கு.

வலது கேலிப்பர்ல மேல் பின் நல்லா வருது. கீழ் பின் துருப்பிடிச்சு, சுத்தியலால தட்டித்தான் வந்துச்சு. கழட்டி வச்சிருந்த பழைய பேட்ல உள் பேட் 4 மில்லிமீட்டர், வெளி பேட் 8. வலது டை ராட் எண்ட்லயும் ஆட்டம் இருக்கு. ஸ்டீரிங் வீல்ல அளந்தா விளிம்புல 35 மில்லிமீட்டர் வருதுங்க.

பேரிங் வாங்கியாச்சு. பிரஸ்ல அழுத்தி ஏத்தும்போது என்ன பாக்கணும்?

பீளமேடு லேத்:
நக்கிள்ல ஏத்தும்போது பேரிங்கோட வெளி ரேஸ்ல (வெளி வளையம்) மட்டும் அழுத்தம் வரணும். ஹப்பை ஏத்தும்போது உள் ரேஸுக்கு அடியில சரியான அளவு பைப் முட்டுக் கொடுத்து ஏத்தணும். உருண்டை வழியா அழுத்தம் போச்சுன்னா புது பேரிங்ல அப்பவே தடம் விழுந்துடும், சீக்கிரமே சத்தம் கொடுக்கும். சுத்தியல் எடுக்கவே வேண்டாம்.

ஏத்தி முடிச்சதும் டிரைவ் ஷாஃப்ட் நட்டை மேனுவல்ல போட்டிருக்கிற டார்க்குக்கு டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்குங்க. இந்த நட்டுதான் பேரிங்கை இறுக்கிப் பிடிக்குது. புது நட்டு போட்டு, பூட்டுங்க. நட்டு முறுக்காம வண்டியைக் கீழ இறக்கி உருட்டக் கூடாது.

டிஸ்க்கை மாட்டுறதுக்கு முன்னாடி ஹப் முகத்துல துருவை வயர் பிரஷ்ஷால எடுங்க. மாட்டின பிறகு டயல் கேஜ் வச்சு சுத்தி, டிஸ்க் எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. 0.1 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. அதிகமா இருந்தா டிஸ்க்கை ஹப்புல ஒரு துளை தள்ளி மாட்டிப் பாத்துட்டு, அப்புறம் லேத்துக்கு வாங்க. டிஸ்க் ஆடினாலும் பேடைத் தள்ளிவிடும், பேரிங் மாத்தின பலன் பாதி போயிடும்.

ஸ்லைடு பின் புதுசு போட்டு, ரப்பர் பூட் மாத்தி, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்க. சாதா கிரீஸ் ரப்பரை ஊத வச்சு திரும்பவும் பிடிச்சுக்கும்.

இருங்காட்டுக்கோட்டை 3.7:
டை ராட் எண்ட் ரெண்டு பக்கமும் மாத்திடுங்க. கழட்டும்போது எத்தனை மரை வெளிய இருக்குன்னு எண்ணி அதே அளவுக்கு ஏத்தினா, அலைன்மெண்ட் கடை வரைக்கும் ஓட்டிட்டுப் போகலாம். ஸ்பிளிட் பின் பழசைத் திரும்ப வளைச்சுப் போடாதீங்க. மாத்தின பிறகு திரும்ப டேப் ஒட்டி அளங்க. அப்பவும் 22க்கு மேல இருந்தா ரேக் யோக் ஸ்க்ரூவை (ரேக்கோட ஆட்டத்தைக் குறைக்கிற திருகு) பாக்கணும். ஆனா அதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். அதிகம் இறுக்கினா வளைவு முடிஞ்சு கையை விட்டதும் ஸ்டீரிங் தானா நடுவுக்குத் திரும்பாது.

கோவை எஸ்டீம்:
சரிங்கண்ணா. ஹப்பைக் கழட்டி நாளைக்கு பிரஸ்ஸுக்கு எடுத்துட்டு வர்றேன். பீளமேட்டுல எந்த நேரம் வந்தா இருப்பீங்க?

பீளமேடு லேத்:
காலையில 9 மணிக்கு மேல வாங்க தம்பி. நக்கிளோட டிஸ்க்கையும் கொண்டு வந்துடுங்க, சேர்த்து மாட்டி டயல் வச்சுப் பாத்துடலாம்.