சஸ்பெண்டட் கார்டில் தொங்கி நிற்பது எந்த ஸ்வரம்?

கேள்வி:
கீபோர்டு பழகி ஓராண்டு ஆகிறது. மேஜர் கார்டில், அதாவது சி, ஈ, ஜி போல ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில், அடி ஸ்வரத்திலிருந்து எண்ணி வரும் மூன்றாம் ஸ்வரத்தை (இங்கே ஈ) நீக்கி நான்காவதை வைத்தால் சஸ் 4, இரண்டாவதை வைத்தால் சஸ் 2 என்று மனப்பாடமாகத் தெரியும். சி சஸ் 4 என்றதும் விரல்கள் தாமாகவே சி, எஃப், ஜி மேல் போய் அமர்கின்றன. ஆனால் 'தொங்கவிடப்பட்டது' என்று பொருள்படும் பெயர் இதற்கு ஏன் வந்தது, இதை எந்த இடத்தில் வாசிக்க வேண்டும் என்பவை விளங்கவில்லை. சஸ் 2, ஆட் 9 இரண்டும் ஒன்றுதானா என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1:
பெயர்க்காரணத்தை விரலிலேயே பார்த்துவிடலாம். எஃப் மேஜரை சி, எஃப், ஏ என்ற வரிசையில் பிடியுங்கள். அங்கிருந்து சி மேஜருக்குப் போக, ஏ ஜி-க்கும் எஃப் ஈ-க்கும் இறங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இறக்காமல், ஏ-யை மட்டும் ஜி-க்கு இறக்கிவிட்டு, எஃப் மீதுள்ள விரலை எடுக்காமல் காத்திருங்கள். இப்போது ஒலிப்பதுதான் நீங்கள் மனப்பாடம் செய்த சி சஸ் 4. பழைய கார்டைச் சேர்ந்த எஃப், புதிய கார்டு வந்த பின்னும் போக மனமின்றித் தொங்கி நின்று, அடுத்துள்ள ஜி-யோடு உரசுகிறது. அரை ஸ்வரம் இறங்கி ஈ-யில் அமர்ந்ததும் இறுக்கம் தளர்கிறது. மறுமலர்ச்சிக் காலப் பாடற்குழு இசையில், முன்பே ஒலித்த ஸ்வரத்தை நீட்டி, வலுவான தட்டில் உரசவிட்டு, பிறகு ஒரு படி இறக்குவதே முறையாக இருந்தது. வாசிக்க வேண்டிய இடம் எது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

பதில் 2:
கிட்டாரில் டி மேஜர் பிடித்தால் முதல் தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள கட்டத்தில்) எஃப் ஷார்ப் இருக்கும். சுண்டு விரலை 3-ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் சஸ் 4. அந்தத் தந்தியைத் திறந்துவிட்டால் சஸ் 2. மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாம் ஸ்வரம்தான் என்பதால், அது இல்லாதவரை கார்டு இரண்டு பக்கமும் சாயலாம்: 3-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 1-ஆம் ஃப்ரெட்டுக்கு இறங்கினால் டி மைனர் வந்துவிடும். ஆட் 9 வேறு. சி ஆட் 9-இல் சி, ஈ, ஜி-யோடு டி கூடுதலாகச் சேர்கிறதே தவிர, ஈ வெளியேறுவதில்லை.

பதில் 3:
முதல் பதிலோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது இன்றைய இசைக்குப் பொருந்தாது. ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1965-இல் பதிவுசெய்த 'மெய்டன் வாயேஜ்' முழுவதும் ஏறத்தாழ இறங்காத சஸ் கார்டுகளின் மேல்தான் நிற்கிறது. மேலும் சி சஸ் 2-இன் சி, டி, ஜி ஆகிய மூன்றுமே ஜி சஸ் 4-இலும் உள்ளன. எந்தப் பெயர் என்பதைப் பெரும்பாலும் அடியில் ஒலிக்கும் பேஸ் ஸ்வரமே முடிவு செய்கிறது.

கேள்வி கேட்டவர்:
எஃப் மேஜரிலிருந்து இறங்கிப் பார்த்தேன். ஏ இறங்கிய கணத்திலேயே காது ஈ-யைத் தேடியது; சஸ் 4-ஐ நேரடியாக வாசித்தபோது அந்தத் தேடல் இவ்வளவு இல்லை. இத்தனை நாளும் முந்தைய கார்டைக் கவனிக்காமலேயே வாசித்திருக்கிறேன்.