‘காந்தி’ படம் ஓடும்போது உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் என்ன செய்தார்?

டூரிங் டாக்கீஸ் (திரி தொடங்கியவர்)

அட்டன்பரோவின் ‘காந்தி’ பற்றி எழுதாதவர் பாக்கி இல்லை. எட்டு ஆஸ்கர், பென் கிங்ஸ்லி, உடை அலங்காரத்துக்காக பானு அதையா, எல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்தாயிற்று. எனக்கு வேண்டியது வேறு. நீங்கள் அதைப் பார்த்த இடத்தில் கூட்டம் எங்கே கைதட்டியது, எங்கே தூங்கியது, யார் எதற்குக் கோபப்பட்டார்கள்? படத்தை விமர்சிக்க வேண்டாம், பார்த்தவர்களைப் பற்றி எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி இருந்த காலம். ஒரு அக்டோபர் 2 அன்று தூர்தர்ஷனில் போட்டார்கள், இந்திக் குரலில். ஊரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது, ஆனால் காந்தி படம் என்றதும் பாய், தலையணையோடு வந்துவிட்டார்கள். படம் தொடங்குவதே காந்தி சுடப்படுவதில்தானே. சுட்டார்கள், விழுந்தார், அடுத்து இறுதி ஊர்வலம். முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து டிவியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “அவ்வளவுதானா? இதுக்கா சோத்த வடிக்காம ஓடியாந்தேன்?” என்று பாயைச் சுருட்டிவிட்டார். பாதிப் பெண்கள் அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். அடுத்த காட்சியில் கோட்டு சூட்டு மீசையோடு ரயிலில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருக்க, “இது யாருப்பா புது மாப்பிள்ளை?” என்று ஒரு குரல்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர்தான் எழுந்து, இது முன்கதை என்று விளக்கி எல்லாரையும் திரும்ப உட்கார வைத்தார். அதன்பிறகு மூன்று மணி நேரமும் அவர்தான் எங்களுக்குத் தமிழ் வசனம். அவருக்கும் இந்தி தெரியாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தனக்குத் தெரிந்த வரலாற்றைப் படத்தின் வாய் அசைவுக்கு ஏற்றாற்போல் அடித்து விட்டிருக்கிறார்! ஜின்னா வரும்போதெல்லாம் நம்பியார் வந்தால் எழும் சத்தம் எழுந்தது, அதற்கும் வாத்தியார்தான் பொறுப்பு.

மேலமாசி வீதி

நான் பார்த்தது மதுரையில், கல்லூரி அரங்கில் திரை கட்டிப் போட்டபோது. ஆற்றங்கரைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கிழிந்த துணியோடு ஒரு பெண் அக்கரையில் நிற்க, காந்தி தன் தலைத்துணியைத் தண்ணீரில் மிதக்க விடுவார். அழகான காட்சிதான். எங்கள் அரங்கில் அந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, கடைசி வரிசையிலிருந்து “யோவ், மதுரையக் காட்டுங்கய்யா!” என்று ஒருவன் கத்த, மொத்த அரங்கும் சிரித்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அவர் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் வைத்து. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே மனப்பாடம் செய்வது. படத்தில் மதுரை என்ற பெயரே கிடையாது. வரலாற்று விரிவுரையாளர் ஒருவர் இடைவேளையில் இன்னும் ஏற்றிவிட்டார், தண்டி வருது, 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திப்போன யாத்திரை எங்கே, தென்னாப்பிரிக்காவில் சிறை போய்ச் செத்த தில்லையாடி வள்ளியம்மை எங்கே என்று. இரண்டாம் பாதியில் பசங்கள் பாதிப் பேர் படத்தைப் பார்க்கவில்லை, தமிழ்நாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கோபம் இல்லை. குஜராத்திகளும் வங்காளிகளும் இதே பட்டியலோடு வருவார்கள், சுபாஷ் போஸ்கூடத்தான் படத்தில் இல்லை. மறுநாள் எங்கள் கும்பல் காந்தி மியூசியத்துக்குப் போனது. இங்கே இருந்தும் அதுவரை யாரும் போனதில்லை! சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கேதான் கண்ணாடிக்குள் இருக்கிறது. முந்தின நாள் கத்தியவன் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, “படத்துல இவ்ளோ ரத்தம் காட்டலையேடா” என்றான்.

கஸ்தூரி

பெண்கள் பார்த்த கதையை யாரும் சொல்ல மாட்டீர்கள் போலிருக்கிறது, நான் சொல்கிறேன். என் அம்மாவும் சித்தியும் பார்த்த ‘காந்தி’ வேறு படம்.

தென்னாப்பிரிக்க ஆசிரமத்தில் கக்கூஸ் கழுவும் முறை கஸ்தூர்பாவுக்கு வருகிறது. அந்தம்மா மறுக்கிறார். காந்தி கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வெளியே தள்ளப் பார்க்கிறார். தியேட்டரில் ஆண்கள் பேசாமல் இருந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து ஒரு “ச்சு” சத்தம், ஒருவர் அல்ல, வரிசை வரிசையாக. சித்தி சத்தமாகவே, “இவரு மகாத்மாவா? எங்க வீட்டுக்காரரே தேவல” என்றுவிட்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதோடு விட்டாரா? அப்புறம் படம் முழுக்க காந்தி எதற்கு உண்ணாவிரதம் இருந்தாலும் அம்மாவின் கவலை ஒன்றுதான்: “அந்தம்மா மட்டும் எப்படிச் சாப்பிடும், பாவம்.” ஆகா கான் மாளிகையில் கஸ்தூர்பா சாகும் காட்சியில் இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்து அழுதார்கள். கடைசியில் காந்தி சுடப்பட்டபோது அழவில்லை. அதைத்தான் முதலிலேயே பார்த்துவிட்டோமே என்றார் அம்மா. ரோகிணி ஹட்டங்கடிக்கு அந்த வேடத்துக்காக பிரிட்டனில் பாஃப்தா விருது கொடுத்தார்கள் என்று பிற்பாடு சொன்னேன். “குடுக்கணும், அவரு பக்கத்துல உக்காந்து நூல் நூக்கறது லேசா?”

காலிமுகத்திடல்

நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். படம் இங்கே 1982 டிசம்பரில் வந்தது. நாங்கள் மாணவர்கள் ஒரு பெரிய கும்பலாகப் போனோம், சுற்றிவர எல்லாம் வெள்ளைக்காரர். நீங்கள் கடைசியில் நடையைக் கட்டத்தான் போகிறீர்கள் என்று காந்தி பிரிட்டிஷ் அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொல்லும் காட்சியில் அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள், நல்ல மனதோடு, பழைய பகிடியைக் கேட்டதுபோல. ஜாலியன்வாலாபாக் வந்தபோது ஒரு இருமல்கூட இல்லை. ஜெனரல் டயரை விசாரிக்கும் காட்சியில் எனக்கு முன்னால் இருந்த மனிதர் தன் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

எங்களை உலுக்கியது தாராசனா உப்பளக் காட்சி. வரிசை வரிசையாகப் போய் அடி வாங்குகிறார்கள், கை தூக்கவில்லை, விழுந்தவர்களைப் பெண்கள் இழுத்துப் போகிறார்கள், அடுத்த வரிசை வருகிறது. பிறகு அந்த நிருபர் டெலிபோனில் செய்தியைச் சொல்லுவார். (மார்ட்டின் ஷீன் நடித்த பாத்திரம் கற்பனை, உண்மையில் அதை உலகத்துக்கு எழுதியவர் வெப் மில்லர்.) என் பக்கத்தில் இருந்த நண்பன் அந்த இடத்தில் எழும்பி வெளியே போய்விட்டான். போய்ப் பார்த்தால் படிக்கட்டில் இருந்து அழுகிறான். “எங்கட ஆக்களும் இப்பிடித்தான் இருந்தவை. டெலிபோன் எடுக்க ஒருத்தன் இல்லாமப் போச்சு” என்றான்.

1956 ஜூன் 5, சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள். செல்வநாயகம் தலைமையில் கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர் கூட்டம் அடித்தது, பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் போனார். 1961இல் யாழ் கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) வாசலில் கிழமைக்கணக்காக இருந்தார்கள், ராணுவம் வந்து தூக்கிக்கொண்டு போனது. நண்பனின் அப்பா கச்சேரி வாசலில் இருந்தவர். தந்தை செல்வாவை ‘ஈழத்துக் காந்தி’ என்றுதானே எங்கள் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள்.

அடுத்தது 83 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். அதற்குப் பிறகு ஒரு இரவு ஒருவன் இதே படத்தின் கசெட் கொண்டுவந்து போட்டான். அதே பெடியள், அதே காட்சி. வரிசை நகரத் தொடங்கியதும் “நிப்பாட்டு” என்றான் படிக்கட்டில் இருந்து அழுதவன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு அந்த அறையில் இருந்தவர்கள் போன வழிகள் பல, அதை இந்த இடத்தில் எழுதப் போவதில்லை. படத்தை அதன்பின் முழுதாகப் பார்த்தீர்களா என்று கேட்டால், இல்லை.

சிகந்திராபாத் டீச்சர்

மேலே எழுதிய அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இதைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்தேன். என் கதை கொஞ்சம் கலகலப்பு.

2022 ஆகஸ்டில் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டை ஒட்டி தெலங்கானா அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைத் தியேட்டர்களில் இலவசமாகப் போட்டது. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள். எங்கள் பள்ளியிலிருந்து பஸ் பஸ்ஸாகப் போனோம். முதல்முறை மல்டிபிளெக்ஸ் பார்க்கும் பிள்ளைகள் நிறைய, எனவே முதல் அரை மணி நேரம் அவர்கள் பார்த்தது எஸ்கலேட்டரும் சாய்கிற சீட்டும். காந்தியைச் சுட்டதுமே ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து பாத்ரூம் என்றாள். ஒருத்தி கேட்டால் நாற்பது பேருக்கும் வரும்.

ரயிலிலிருந்து தள்ளிவிடும் காட்சியில் நல்ல கூச்சல். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் வைத்திருக்க வேண்டிய பாஸ்களை நெருப்பில் போடும் காட்சிதான் உச்சம். போலீஸ்காரன் அடிக்க அடிக்க, கீழே கிடந்தபடியே காந்தியின் கை நடுங்கி நடுங்கி இன்னொரு அட்டையை எடுத்து நெருப்புக்குள் போடும். பிள்ளைகள் “கொட்டண்டி சார், கொட்டண்டி!” என்று எழுந்து கத்துகிறார்கள், தெலுங்கில் ‘அடிங்க சார்’ என்று. காந்தியிடம் கெஞ்சுகிறார்கள்! கை மறுபடி உயர்ந்ததும், இந்த முறையாவது குத்து விடுவார் என்று விசில். மறுபடியும் அட்டைதான் போட்டார். இரண்டு வரிசைக்கு ஏமாற்றம் தாங்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பார்த்து வளர்ந்த ஹீரோக்கள் அப்படி, அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பயம் கல்கத்தா காட்சிகளைப் பற்றி. என் வகுப்பில் பாதி முஸ்லிம் பிள்ளைகள், இந்து, முஸ்லிம் என்று ஒருவரையொருவர் வெட்டுவதைத் திரையில் பார்த்து என்ன கேட்பார்களோ என்று வயிற்றில் புளி கரைந்தது. கலவரக்காரராக வரும் ஓம் புரி, உண்ணாவிரதம் கிடக்கும் காந்திமேல் ரொட்டியை வீசி “சாப்பிடு” என்று கத்துவாரே, அதற்குச் சிரித்தார்கள். என் பையனைக் கொன்றார்கள், நானும் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டேன், நரகத்துக்குத்தான் போவேன் என்று அவர் அழ, பெற்றோரை இழந்த ஒரு முஸ்லிம் பையனைத் தேடி எடுத்து முஸ்லிமாகவே வளர்க்கச் சொல்கிறார் காந்தி. அப்போது சிரிப்பு நின்றிருந்தது. கேள்வி வரவில்லை. அப்பாடா என்று இருந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “மிஸ், அந்த அங்கிளுக்குப் பையன் கிடைச்சானா?” என்றான். படத்தில் அது வராதுப்பா என்றேன். “அப்ப யாரு தேடினாங்க?” தெரியவில்லை என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அதற்குள் பின்சீட்டில் இரண்டு பேர், கிடைத்திருப்பான், கிடைத்திருக்க மாட்டான் என்று பந்தயம் கட்டிச் சண்டையே தொடங்கிவிட்டார்கள்.

191 நிமிஷம்

டீச்சருடைய பையன் கேட்டது நல்ல கேள்வி. எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் வந்த கேள்வியையும் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் சூடானது.

படம் முடிந்து பேராசிரியர் கலந்துரையாடலைத் தொடங்கினார். அப்போது முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “அம்பேத்கர் எந்த சீன்ல சார் வர்றார், நான் கவனிக்கல” என்றாள். கிண்டல்தான், எல்லாருக்கும் புரிந்தது. 1932இல் எரவாடா சிறையில் தலித்துகளுக்கான தனி வாக்காளர் தொகுதிக்கு எதிராக இருந்த உண்ணாவிரதம் இல்லை, அதை முடித்துவைத்த பூனா ஒப்பந்தம் இல்லை, அம்பேத்கர் முகமே இல்லை. பேராசிரியர் பொறுமையாக, படத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டார்களே அம்மா, எந்த மனித வாழ்க்கையையும் ஒரே கதையில் அடக்க முடியாது என்று, என்றார். அதற்கு அவள், “எல்லாத்தையும் அடக்க வேணாம் சார். சாவு ஊர்வலத்துக்கு ரெண்டு நிமிஷம் இருந்திருக்கு, அதுல அரை நிமிஷம் குடுத்திருக்கலாம்ல.”

கைதட்டலும் எதிர்ப்பும் ஒரே நேரத்தில் கிளம்பின. நான் கைதட்டிய கூட்டம். படம் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும், ஆனால் அந்த இடத்தில் அவள் சொன்னதற்கு இதுவரை யாரும் சரியான பதில் சொல்லி நான் கேட்கவில்லை. இந்திய அரசும் பணம் போட்ட படம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரோல்பாக் தாத்தா

அந்த ரெண்டு நிமிஷத்தில் நான் இருக்கிறேன் அம்மா, பிடுங்கிக் கொடுத்துவிடாதே!

வேலை நிமித்தம் டெல்லியில் இருந்தேன். 1981 ஜனவரி 31, உண்மையான இறுதி ஊர்வலம் நடந்து சரியாக 33 வருஷம் கழித்து, அதே ராஜபாதையில் படம் எடுத்தார்கள். சும்மா வந்து நிற்கவும் ஆட்களைக் கூப்பிட்டார்கள், கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நான் ஓசிக் கணக்கு. மூன்று லட்சம் பேர் இருக்கும் என்று சொன்னார்கள், கின்னஸிலும் ஏறியது. குளிர் கடித்தது. ஆபீஸ் நண்பர்கள் ஸ்வெட்டர் தெரியாமல் மேலே வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றோம். முதலில் ஒரே சிரிப்பும் கடலையுமாகத்தான் இருந்தது. பீரங்கி வண்டியில் அந்த உடல் எங்களைத் தாண்டியபோது மட்டும் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் நிஜமாகவே விம்ம ஆரம்பித்தார். 48இலும் இங்கேதான் நின்றேன் என்றார் அவர். எங்களுக்குச் சிரிப்பு போய்விட்டது. கேமரா எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பதினோரு கேமராக்களாம்.

படம் டெல்லியில் வந்தபோது தியேட்டரில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். முதல் காட்சியில் காந்தி செத்துப்போகிறார், யாரும் கவலைப்படவில்லை, ஊர்வலம் வந்ததும் மொத்த தியேட்டரும் சீட் நுனிக்கு வந்து, “அதோ நான்!”, “அது எங்க மாமா!”, “தள்ளு, மறைக்காதே!” துக்க ஊர்வலத்துக்கு அப்படி ஒரு ஆரவாரத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பக்கத்து ஹாலிலும் அப்படித்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள். படம் பிடித்ததோ இருபதாயிரம் அடி பிலிம், வைத்தது 125 விநாடி. மூன்று லட்சம் பேரும் அதற்குள் தங்களைத் தேடினால்?

நான் அகப்படவே இல்லை. பேரன் போன வருஷம் லேப்டாப்பில் போட்டு, நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினான். எங்கள் மாடியில் குடியிருந்த சர்தார்ஜி தெளிவாகத் தெரிகிறார். அவர் அன்றைக்கு வரவே மாட்டேன் என்று சொன்னவர்.