மிக்-21 மாதிரி: வால் தாழ்கிறது, ஒட்டுக்கோடும் தெரிகிறது

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 1/72 அளவில் மிக்-21 பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கட்டி வருகிறேன். ஜெட் விமானத்தில் இதுவே என் முதல் முயற்சி. உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டி முடித்த பிறகுதான், மூக்கினுள் எடை வைக்கச் சொல்லும் குறிப்பைக் கவனித்தேன். இப்போது சக்கரங்களின் மேல் நிறுத்தினால் வால் தரையில் அமர்ந்துவிடுகிறது. முதுகு நெடுகிலும் ஒட்டுக்கோடும் தெரிகிறது. வெறும் உலோக நிறம் பூசவே ஆசை. பிரிக்காமல் இரண்டையும் சரிசெய்ய இயலுமா? மூக்கு வளையமும் அதன் நடுவிலுள்ள கூம்பும் இன்னும் ஒட்டப்படவில்லை.

மறுமொழி 1:
கூம்பை ஒட்டாமல் விட்டது நல்லதாயிற்று. பிரிக்க முயலவே வேண்டாம். திரவப் பசை பாலிஸ்டைரீனின் (கிட்டின் பிளாஸ்டிக்) இரு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால், கத்தியை நுழைத்தால் ஒட்டிய இடத்தை விட்டு வேறெங்கேனும் உடையும். முதன்மைச் சக்கரங்களின் அச்சிலிருந்து எவ்வளவு முன்னால் வைக்கிறீர்களோ அவ்வளவு குறைந்த எடையே போதும்: இருமடங்கு தொலைவுக்குப் பாதி எடை. ஆகவே கூம்பின் உட்குழிவே மிகச் சிறந்த இடம். அதில் தூண்டில் ஈயத்தை நிரப்பி எபாக்சியால் (இரு பகுதிகளைக் கலந்து பூசும் பசை) உறுதிசெய்யுங்கள். இதற்கு வெள்ளைப் பசையை (மர வேலைக்கான பசை) ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது ஈயத்துடன் வினைபுரிந்து நாளடைவில் உப்பி, நன்றாக முடிந்த மாதிரியையே பிளந்துவிடக்கூடும். நிரந்தரமாக ஒட்டுமுன் வால்பகுதி உட்பட எல்லாவற்றையும் நாடாவால் தற்காலிகமாகப் பொருத்தி நிறுத்திப் பாருங்கள். ஈயத்தைத் தொட்ட கைகளைக் கழுவ மறவாதீர்கள்.

மறுமொழி 2:
ஒட்டுக்கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளி நிறம் எந்தக் குறையையும் மறைக்காது. சாம்பல் நிறத்தில் கண்ணுக்குப் படாத கீறல்கூட அதில் பளிச்செனத் தெரியும். சாதாரண பட்டி காயும்போது சுருங்கி மெல்லிய பள்ளத்தை மீண்டும் காட்டுவதுண்டு என்பதால், இந்த வேலைக்கு நான் சயனோஅக்ரிலேட் பசையையே (சூப்பர் குளூ) நிரப்பியாகக் கொள்கிறேன். ஆனால் அதைச் சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் அது பிளாஸ்டிக்கை விடக் கடினமாகி, பசை அப்படியே நிற்க அதன் இருபுறமும் பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்து பள்ளமாகும். 400-இல் தொடங்கி 600, 1000, 2000 எண் உப்புத்தாள்களால் நீரில் நனைத்துத் தேய்த்து, மெல்லிய ப்ரைமர் (அடிப்பூச்சு) பூசிப் பார்த்து, குறை தெரிந்தால் திரும்பவும் தேய்க்க வேண்டும். தேய்த்ததில் அழிந்துபோன தகட்டுக் கோடுகளை (விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள்) ஊசிமுனையால் மறுபடி கீறுங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. சயனோஅக்ரிலேட்டின் ஆவி கண்ணாடிபோன்ற விமானி அறை மூடியில் வெண்படலமாகப் படியும். எனவே தேய்க்கும் வேலை முழுவதும் முடிந்த பிறகே மூடியைப் பொருத்துங்கள். அதற்கு வெள்ளைப் பசையே ஏற்றது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூம்பில் ஈயத்தை வைத்து நாடாவால் பொருத்திப் பார்த்தேன். முன் சக்கரம் தரையில் நிற்கிறது. எபாக்சி காய்ந்ததும் முதுகைத் தேய்க்கத் தொடங்குகிறேன்.