பீகிள்போன் பூட் ஆகவில்லை, கொஞ்சம் பாருங்களேன்

மன்னார்குடி பக்கம் எங்கள் வாய்க்கால் மதகில் நீர்மட்டம் பார்க்க பீகிள்போன் பிளாக் என்ற சின்ன சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். அதை பூட் செய்யும் யூ-பூட் என்ற பூட்லோடரை, லேப்டாப்பிலேயே ஆர்ம் டூல்செயின் (ஆர்ம் சிப்புக்கான கம்பைலர் தொகுப்பு) வைத்து கிராஸ் கம்பைல் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் எஸ்டி கார்டு போட்டு, பூட் பட்டனை அழுத்திக்கொண்டு பவர் கொடுத்தால், லேப்டாப்போடு இணைத்த சீரியல் கன்சோலில் 'சி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் வரிசையாக ஓடுகிறது.

ஃபைலின் வகையைச் சொல்லும் 'ஃபைல்' கட்டளை, யூ-பூட்டை '32 பிட் ஈ.எல்.எஃப், ஆர்ம்', அதாவது ஆர்ம் சிப்புக்கானது என்றே காட்டுகிறது. சரி, டூல்செயின் தப்பில்லை. சந்தேகமெல்லாம் போர்டு கார்டிலிருந்து முதலில் ஏற்றும் எம்.எல்.ஓ ஃபைல் மேல்தான். அதன் தொடக்க ஹெடரில் அளவும் ஏற்றவேண்டிய முகவரியும் இருக்கவேண்டும். ஃபைலின் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் அது காணோம், நேரே நிரல்தான் தொடங்குகிறது. கம்பைல் செய்தபோது வந்த எஸ்.பி.எல் (யூ-பூட்டின் முதல் கட்டம்) பைனரி ஃபைலையே எம்.எல்.ஓ என்று பெயர் மாற்றிப் போட்டிருந்தேன். அதுதான் காரணமா? இல்லை, கார்டில் உள்ள ஃபேட் பார்ட்டிஷனுக்கு பூட் ஃபிளாக் (பூட் செய்யும் பகுதி என்ற அடையாளம்) வைக்காததா?

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை தொடங்கிவிடும். அதற்குள் இதை ஓடவைக்கவேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.