கொஹிமா டென்னிஸ் மைதானம்: குட்டிச் சீருடைக்கு யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், இன்றைய நாகாலாந்தின் கொஹிமாவில், துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இருபுறமும் குழி வெட்டிப் பதுங்கி பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியரும் மோதினார்கள் அல்லவா, அந்தக் காட்சியைப் பொம்மைகள் வைத்து 1/6 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். மண்மேடு, முறிந்த மரங்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டன. சீருடைதான் படுத்துகிறது.

பொம்மை 30 செ.மீ. உயரம். காடாத் துணியில் தைத்தால் கோணிப்பை மாதிரி விறைத்து நிற்கிறது, காலர் மடியவே மாட்டேன் என்கிறது. பழைய வேட்டித் துணி அழகாக மடிகிறது, ஆனால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. அன்று பிரிட்டிஷ் இந்தியப் படையில் காக்கி உடைகளையே பச்சைச் சாயத்தில் முக்கிக் காட்டுப்போருக்குக் கொடுத்ததும் உண்டு. மழையிலும் வெயிலிலும் வெளுத்த அந்தப் பச்சைதான் எனக்கு வேண்டும்.

எந்தச் சாயத்தை எப்படிக் கலக்கலாம்? அப்புறம், ஜப்பானிய வீரர் முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டும் கால்பட்டிக்கு எவ்வளவு அகல நாடா சரிவரும்? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.