பாலிக் புலாவில் ரோசெட் நெபுலா: கைடிங் கோடு சீராக இருந்தும் விண்மீன்கள் வளைவது ஏன்?

கேள்வி (பாலிக் புலாவ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத்தில், கூரை உருண்டு திறக்கும் சிறிய கூடத்தில் இருந்து ரோசெட் நெபுலாவையும் அதன் நடுவிலுள்ள என்.ஜி.சி. 2244 விண்மீன் கொத்தையும் படம் எடுத்து வருகிறேன். தொலைநோக்கி 80 மி.மீ. ஒளிவிலகல் வகையைச் சேர்ந்தது. குறைப்பானுடன் அதன் குவியத் தொலைவு 384 மி.மீ. கேமராவின் சென்சார் ஐ.எம்.எக்ஸ். 533 என்பதால், ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) கிடைக்கிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஆக்சிஜன் 3 ஆகிய இரண்டையும் விடும் ஃபில்டரைப் பொருத்தி, ஒவ்வொரு படத்தையும் 5 நிமிடம் எடுக்கிறேன்.

நெபுலா அழகாகவே வருகிறது. ஆனால் விண்மீன்கள் புள்ளிகளாக இல்லை. படத்தின் கீழ் இடது மூலையில் ஓரளவு வட்டமாக இருப்பவை, மேல் வலது மூலைக்குப் போகப் போகச் சிறு விற்களாக வளைகின்றன. ஒரு விண்மீனைப் பார்த்தபடியே தொலைநோக்கியின் தொடர்தலைத் திருத்தும் கைடிங்கின் வரைபடமோ மிகச் சீராக இருக்கிறது. மொத்தப் பிழை ஒரு விகலைக்கும் குறைவு. வடக்கே தெலுக் பஹாங் பக்கத்து மலைகள் துருவ விண்மீனை மறைப்பதால், காந்த ஊசியைக் கொண்டு வடக்கைக் குறித்து, பிறகு உச்சிக்கோட்டுக்கு (வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் கோடு) அருகிலுள்ள ஒரு விண்மீன் நகர்வதைப் பார்த்து, வான் துருவத்தை நோக்க வேண்டிய மவுண்டின் (தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் அமைப்பு) அச்சின் திசையைத் திருத்தினேன். கிழக்கே டுரியான் மரங்களும் கொடிமலையும் இருப்பதால் தாழ்ந்த வானத்தில் அதே சோதனையைச் செய்ய முடியவில்லை. மவுண்டை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் (சுங்கைப்பட்டாணி)

தம்பி, மவுண்டை மாற்ற வேண்டாம். விண்மீன் எந்த வடிவில் கெட்டிருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். படம் முழுவதும் ஒரே திசையில் நீண்டிருந்தால் காற்று, தொடர்தலில் பிழை அல்லது கைடு தொலைநோக்கியின் தொய்வு என்று தேடலாம். நான்கு மூலைகளிலும் மையத்திலிருந்து வெளியே விரிந்தால் குறைப்பானுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்வது மூன்றாவது வகை: ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி வானமே திரும்புகிறது. அந்தப் புள்ளி உங்கள் கைடு விண்மீன். அது படத்துக்கு வெளியே, கீழ் இடப்புறத்தில் இருக்க வேண்டும்.

கைடிங் ஒரேயொரு விண்மீனை அதன் இடத்தில் பிடித்து வைக்கும். அதைச் சுற்றிப் புலம் திரும்புவதை அதனால் தடுக்கவும் முடியாது, உங்களுக்குக் காட்டவும் முடியாது. ஆகவே சீரான கோடு இருப்பதைக் கொண்டு அச்சு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

இதில் நம் அட்சரேகைக்கு உரிய ஒரு சிக்கல் உண்டு. ரோசெட்டின் டெக்லினேஷன், அதாவது வானத்தில் அதன் அட்சரேகை, வடக்கு 5 பாகை. பினாங்கு இருப்பதும் ஏறக்குறைய அதே அட்சரேகையில். எனவே அது உச்சிக்கோட்டைக் கடக்கும்போது நேர் தலைக்கு மேல் நிற்கிறது. உச்சிக்கோட்டின் அருகே, அச்சு கிழக்கு மேற்காக விலகியிருந்தால் விண்மீன் வடக்கு தெற்காக நகரும். அதை நீங்கள் பார்த்துத் திருத்திவிட்டீர்கள். ஆனால் அச்சின் உயரத்தில் பிழை இருந்தால் அந்த இடத்தில் நகர்வு ஏறக்குறைய இல்லாமல் போய், முழுவதும் சுழற்சியாக மட்டும் வெளிப்படும். உங்களுக்கு நேர்வது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை உறுதிப்படுத்த, ரோசெட் உச்சியை ஒட்டியிருக்கையில், உச்சிக்கோட்டின் ஒரே பக்கத்தில், சரியாக ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பிளேட் சால்விங் செய்து (விண்மீன்களின் அமைப்பைக் கொண்டு படம் வானில் எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்று மென்பொருளால் கண்டறிந்து), இரண்டின் திசைக் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, அக்கா. வேறுபாடு 0.7 பாகை வருகிறது.

பதில் (சுங்கைப்பட்டாணி)

அப்படியானால் கணக்கு நேரடியானது. வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது. 0.7-ஐ 15-ஆல் வகுத்து, வந்த ரேடியன் அளவைப் பாகையாக்க 57.3-ஆல் பெருக்கினால் அச்சின் பிழை சுமார் 2.7 பாகை. அதாவது உங்கள் அச்சு, அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டிய 5.4 பாகையில் இல்லாமல், ஏறத்தாழ 8 பாகை உயரத்திலோ 2.7 பாகையிலோ நிற்கிறது. 8 என்பதே என் ஊகம், ஏனெனில் பெரும்பாலான ஜெர்மன் எக்குவட்டோரியல் மவுண்டுகள் உயர்ந்த அட்சரேகைகளில் வாழ்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இங்கே அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்க வேண்டும். அப்போது எதிர் எடைத் தண்டு நேராகத் தொங்கி, தூணிலோ முக்காலியின் காலிலோ இடிக்கும். தண்டு எங்கே தட்டுகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்

பார்த்தேன், அக்கா. நிறுத்து நிலையில் எடைகள் கான்கிரீட் தூணின் மேல் விளிம்பைத் தொடுகின்றன. அதற்குக் கீழே அச்சு இறங்கவில்லை. அளவுகோலும் 8-ஐக் காட்டுகிறது.

பதில் (சுங்கைப்பட்டாணி)

இரண்டு வழிகள் உள்ளன. தூணின் மேல் தட்டில் தென்புறத்தை மட்டும் உயர்த்தி, மவுண்ட் முழுவதையும் வடக்கே சாய்க்கலாம், 20 செ.மீ. அகலத் தட்டுக்கு ஏறத்தாழ 9.4 மி.மீ. உயர்த்தினால் 2.7 பாகை கிடைக்கும். ஆனால் நான் பரிந்துரைப்பது, பக்கத்திலுள்ள லேத் பட்டறையில் தூணைவிட ஒடுங்கிய, ஒரு சாண் உயரமுள்ள இரும்புக் குழாயைத் தடித்த தட்டுகளோடு செய்யச் சொல்லி, தூணுக்கும் மவுண்டுக்கும் இடையே வைப்பதுதான். எடைகளுக்கு இடம் கிடைப்பதோடு, தொலைநோக்கி செங்குத்தாக நிற்கையில் கேமராவின் பின்புறம் தூணில் மோதும் ஆபத்தும் நீங்கும். தலைக்கு மேல் வரும் ஒரு பொருளை எடுப்பவருக்கு இது சிறிய நன்மை அல்ல.

பிறகு அச்சைச் சீரமைக்கத் துருவ விண்மீன் தேவையில்லை. நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பகுதியைக் கொண்டும் பிழையைக் கணக்கிடும். பழைய முறையை விரும்பினால், கிழக்கு மறைந்திருந்தாலும் உங்களுக்கு மேற்கே கடல் திறந்திருக்கிறது. அங்கே 25 பாகை உயரத்திலுள்ள ஒரு விண்மீனை வைத்து அச்சின் உயரத்தைத் திருத்தலாம்.

பதில் (செராஸ், கோலாலம்பூர்)

சகோதரரே, அச்சு சரியானபின் கொத்தின் நிறத்தையும் கவனியுங்கள். உங்கள் ஃபில்டர் 656.3, 500.7 நானோமீட்டர் ஒளிகளை மட்டுமே விடுவதால், நெபுலாவை ஒளிரச் செய்யும் எச்.டி. 46223, எச்.டி. 46150 போன்ற மிக வெப்பமான ஓ வகை விண்மீன்களின் நீலம் படத்தில் வராது. ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடுவில் குழியைக் குடைந்தவை இவற்றின் காற்றும் கதிர்வீச்சும்தான்; அவை வெளிறிப் போனால் படத்தின் பொருளே குறைகிறது என்பது என் கருத்து. ஃபில்டர் இல்லாமல் 20 அல்லது 30 விநாடிப் படங்கள் சிலவற்றை எடுத்து, விண்மீன்களை மட்டும் அவற்றிலிருந்து பிரித்துச் சேருங்கள். செராஸின் ஒளி மாசிலும் இது நன்றாக வருகிறது. கொத்தின் ஓரத்தில் மஞ்சளாகத் தெரியும் 12 மோனோசெரோட்டிஸ் நமக்கு நெருக்கமான வேறொரு விண்மீன், அதையும் நீலமாக்கிவிடாதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, பிப்ரவரி முதல் வாரத்தில் ரோசெட் இரவு சுமார் 11 மணிக்கு உச்சியை அடையும். தைப்பூசத்தை ஒட்டிய இரவுகளை மட்டும் ஆக்சிஜன் ஒளிக்கு ஒதுக்காதீர்கள். அன்று முழுநிலவு பூச விண்மீன்களின் பக்கத்தில், ரோசெட்டிலிருந்து ஏறக்குறைய 35 பாகையில்தான் நிற்கும்.

கேட்டவர்

குழாயைச் செய்து பொருத்தி, மூன்று புள்ளி முறையில் அச்சைச் சீரமைத்தேன். ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த படங்களுக்கிடையே இப்போது அளவிடத்தக்க சுழற்சி இல்லை. கொத்து முழுவதும் புள்ளிகளாக இருக்கிறது. நான்கு மூலைகளில் மட்டும் விண்மீன்கள் வெளிப்புறமாகச் சற்றே நீள்கின்றன. குறைப்பானிலிருந்து சென்சார் வரை சரியாக 55 மி.மீ. வைத்திருக்கிறேன்.

பதில் (சுங்கைப்பட்டாணி)

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. 55 மி.மீ. என்பது ஃபில்டர் இல்லாதபோது உள்ள அளவு. கண்ணாடி தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளும். உங்கள் ஃபில்டர் 2 மி.மீ. என்றால் 55.7 மி.மீ. வேண்டும். 0.5 மி.மீ. வளையம் ஒன்றை முதலில் சேர்த்துப் பாருங்கள். போதவில்லை என்றால் 0.2 மி.மீ. வளையத்தையும் சேருங்கள்.